கொசு பரப்பும் வைரஸ் எங்கிருந்து வந்தது? ஜீனோம் சீக்வென்சிங் வழியே தடம் பிடிக்க முழுமையான வழிகாட்டி

நோயாளியின் ரத்தத்திலும் கொசுவின் உடலிலும் இருக்கும் வைரஸின் ஜீனோமை (அதன் மரபணு எழுத்துகள் முழுவதையும்) படித்து, அது ஓர் ஊருக்கு எப்போது வந்தது, எங்கிருந்து வந்தது, எத்தனை முறை வந்தது என்று கணிப்பதுதான் இங்கே வேலை. டெங்கு, சிக்குன்குனியா, ஜிகா, மஞ்சள் காய்ச்சல், வெஸ்ட் நைல் எல்லாவற்றுக்கும் கீழே உள்ள வரிசை பொருந்தும். மலேரியா வேறு கதை. அது வைரஸ் அல்ல, ஒட்டுண்ணி. அதன் ஜீனோம் இதைப்போல ஆயிரக்கணக்கான மடங்கு பெரியது. அதை இந்த வழிகாட்டியில் தேட வேண்டாம்.

புதிதாக வருபவர்கள் சீக்வென்சரை (ஜீனோமைப் படிக்கும் கருவியை) பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். ஆனால் தடுமாறுவது அங்கே இல்லை. மாதிரிப் பட்டியலில் ஒரு முறை, கடைசியில் வைரஸ்களின் வம்ச மரத்தைப் படிக்கும்போது இன்னொரு முறை. அதனால் அந்த இரண்டு இடங்களில் கொஞ்சம் அதிகமாகவே நின்று பேசுகிறேன்.

1. முதலில் கேள்வியை எழுதி வையுங்கள்

ஒரு மாதிரியைத் தொடுவதற்கு முன்பே, எதைக் கண்டுபிடிக்கப் போகிறோம் என்று ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். எத்தனை மாதிரி, எந்த ஊரிலிருந்து, எந்த மாதத்திலிருந்து என்பதெல்லாம் அந்த வாக்கியத்தைப் பொறுத்தது.

பலரும் எழுதும் முதல் கேள்வி, "இவருக்கு யாரிடமிருந்து வந்தது?" அதை அடித்துவிடுங்கள். ஏன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். டெங்கு ஜீனோமில் ஏறக்குறைய 10,700 எழுத்துகள். அதில் ஆண்டுக்கு ஏழெட்டுப் பிறழ்வுகள் (எழுத்து மாற்றங்கள்) சேர்கின்றன. அதாவது ஒன்றரை மாதத்துக்கு ஒன்று. நோயாளியைக் கடித்த கொசுவுக்குள் வைரஸ் பெருகி உமிழ்நீருக்கு வர 8 முதல் 12 நாள் ஆகும். அது கடித்த அடுத்த ஆளுக்குக் காய்ச்சல் வர இன்னும் 4 முதல் 10 நாள். ஆக, ஒரு நோயாளியிடமிருந்து அடுத்தவருக்குப் போக இரண்டு மூன்று வாரம். இரண்டு கைமாறினாலும் ஜீனோமில் ஒரு எழுத்துகூட மாறாமல் இருக்கலாம். இரண்டு பேருடைய ஜீனோம் ஒன்றுபோல இருந்தால், ஒருவரிடமிருந்து மற்றவருக்கு வந்தது என்று அர்த்தமில்லை. இருவரும் ஒரே அலையில் சிக்கியவர்கள், அவ்வளவுதான்.

ஜீனோம் நன்றாகப் பதில் சொல்லும் கேள்விகள் வேறு. இந்தப் பருவத்தில் பரவுவது போன பருவத்தின் மிச்சமா, புதிதாக வெளியிலிருந்து வந்ததா? ஒரே நுழைவா, பல நுழைவுகளா? முதல் நோயாளியைக் கண்டறிவதற்கு எவ்வளவு முன்பே பரவத் தொடங்கிவிட்டது? 2016-இல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் ஜிகா பரவியபோது ஜீனோம்கள் இதைத்தான் காட்டின. வைரஸ் குறைந்தது நான்கு தனித்தனி நுழைவுகளாக, பெரும்பாலும் கரீபியன் பகுதியிலிருந்து வந்திருந்தது; உள்ளூர்ப் பரவல் ஜூலையில் கண்டறியப்பட்டாலும், பல மாதம் முன்பே தொடங்கியிருந்தது. ஒரு நுழைவு என்றால் அந்தப் பகுதியில் கொசுவை ஒழித்தால் நிற்கும். பல நுழைவுகள் என்றால் பயணிகள் வரும் வழியையும் பார்க்க வேண்டும். கேள்வி மாறினால் நடவடிக்கையும் மாறும் என்பதால்தான் அதை முதலில் எழுதச் சொல்கிறேன்.

2. கையில் இருக்க வேண்டியவை

ஆய்வுக்கூடத்தில் மூன்று தனி இடங்கள் வேண்டும்: ஆர்என்ஏ (வைரஸின் ஜீனோம் எழுதப்பட்ட பொருள்) பிரித்தெடுக்க ஒன்று, பிசிஆர் கலவை தயாரிக்க ஒன்று, பிசிஆர் முடிந்த குழாய்களைத் திறக்க ஒன்று. மூன்று அறை இல்லாவிட்டால் மூன்று மேசைகள், மூன்று செட் பிப்பெட்டுகள். பிசிஆரில் வைரஸின் ஒரு துண்டு கோடிக்கணக்கில் பெருகுகிறது. மூடியைத் திறக்கும்போது தெறிக்கும் துளியின் துளி போதும், அடுத்த வார மாதிரிகளில் எல்லாம் இந்த வார வைரஸ் தெரிய. கோட்டும் கையுறையும்கூட பின்னிருந்து முன்னுக்குத் திரும்பக் கூடாது.

மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர், ரியல் டைம் பிசிஆர், டிஎன்ஏ அளக்கும் ஃப்ளோரோமீட்டர், சீக்வென்சர். சீக்வென்சரில் பெரும்பாலும் இரண்டில் ஒன்று: ஆக்ஸ்ஃபோர்டு நானோபோரின் மினயான் அல்லது இல்லுமினாவின் சிறிய கருவி. அவசரமும் குறைந்த மாதிரிகளும் என்றால் முன்னது. நிறைய மாதிரிகளும் பொறுமையும் இருந்தால் பின்னது. எதை வைத்தும் நல்ல ஜீனோம் எடுக்கலாம்.

நெறிமுறைக் குழு அனுமதியையும் இப்போதே வாங்குங்கள். சோதனைக்காக எடுத்த ரத்தத்தை ஆய்வுக்குப் பயன்படுத்த தனி ஒப்புதல் தேவைப்படலாம். ஜீனோம் கைக்கு வந்தபின் ஒப்புதலைத் தேடி ஓடுவது பரிதாபம்.

3. மாதிரிப் பட்டியல்: பாதி வேலை இங்கேதான்

சீக்வென்சிங் தவறாகப் போனால் திரும்பச் செய்யலாம். மாதிரி எடுத்த தேதி தொலைந்தால் தொலைந்ததுதான்.

ஒவ்வொரு மாதிரிக்கும் குறைந்தபட்சம் இவை வேண்டும்: மாதிரி எடுத்த தேதி, காய்ச்சல் தொடங்கிய தேதி, வசிக்கும் இடம், கடந்த இரண்டு வாரப் பயணம், சிடி மதிப்பு (ரியல் டைம் பிசிஆரில் வைரஸ் தெரிய எத்தனை சுற்று ஆனது என்ற எண்; குறைந்தால் வைரஸ் அதிகம்), முன்பு டெங்கு வந்ததா, மஞ்சள் காய்ச்சலுக்கோ டெங்குவுக்கோ தடுப்பூசி போட்டவரா. கடைசியாகச் சொன்னதை எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். மஞ்சள் காய்ச்சலுக்கான 17டி தடுப்பூசி உயிருள்ள, வலுக்குறைத்த வைரஸ். அண்மையில் ஊசி போட்டவரின் ரத்தத்தில் அதுவே தெரியலாம்.

தேதியில் வழக்கமாக இரண்டு குழப்பங்கள் வரும். ஒன்று, ஆய்வுக்கூடத்துக்கு மாதிரி வந்து சேர்ந்த தேதியை, எடுத்த தேதி என்று எழுதிவிடுவது. இன்னொன்று, 03/04 என்று எழுதுவது. மார்ச் 4-ஆ, ஏப்ரல் 3-ஆ? ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் 2023-04-03 என்று எழுதவைத்தால் சண்டை இல்லை. அந்தக் கட்டத்தை எக்செலில் முன்கூட்டியே எழுத்து வடிவம் என்று மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் எக்செல் தன் இஷ்டத்துக்குத் தேதியைத் திருப்பிப் போடும். பின்னால் காலக்கணக்கு முழுவதும் இந்த ஒரு கட்டத்தை நம்பித்தான் ஓடுகிறது.

இடத்திலும் ஒரு வித்தியாசம் உண்டு. வசிக்கும் இடம் வேறு, தொற்று பிடித்த இடம் வேறு. வெளியூர் போய்த் திரும்பிய மறுநாளே காய்ச்சல் வந்தவரின் வைரஸ், அவர் போன ஊரின் வைரஸ். அவரை வீட்டு முகவரியில் பதிந்தால், உங்கள் ஊரில் இல்லாத ஒரு பரவல் மரத்தில் முளைக்கும். இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் வையுங்கள்.

பயணியின் மாதிரி ஒரு வகையில் புதையலும்கூட. 2017-இல் கியூபாவில் நடந்த பெரிய ஜிகா பரவல் அப்போது வெளியுலகுக்குத் தெரியவில்லை. அங்கே போய்வந்தவர்களுக்கு வந்த தொற்றையும் அவர்களின் வைரஸ் ஜீனோம்களையும் வைத்துத்தான் ஆய்வாளர்கள் பிற்பாடு அதை வெளிக்கொண்டுவந்தார்கள்.

4. நோயாளியிடமிருந்து மாதிரி

காய்ச்சல் தொடங்கிய முதல் ஐந்து நாளுக்குள் எடுத்த சீரம் அல்லது பிளாஸ்மாதான் வேண்டும். அதற்கப்புறம் எதிர்ப்பொருள் ஏறும், வைரஸ் இறங்கும். ஐஜிஎம் (ஒருவகை எதிர்ப்பொருள்) பாசிட்டிவ் என்று கையில் கொடுக்கப்படும் மாதிரிகளில் பெரும்பாலும் வைரஸ் மிச்சமிருக்காது. என்எஸ்1 (வைரஸின் ஒரு புரதம்) அல்லது பிசிஆர் பாசிட்டிவ் மாதிரிகளைக் கேளுங்கள்.

பிளாஸ்மா என்றால் ஈடிடிஏ குழாயில் எடுத்தது. ஹெபாரின் குழாய் வேண்டாம். ஹெபாரின் பிசிஆரைத் தடுக்கும். ஜிகாவில் ரத்தத்தில் வைரஸ் குறைவு, சீக்கிரம் மறைந்தும்விடும். அங்கே சிறுநீரும் எடுத்து வையுங்கள்.

எடுத்ததும் சிறு சிறு குழாய்களாகப் பிரித்து உறையவைப்பது நல்லது. ஒவ்வொரு முறை உருகி மறுபடி உறையும்போதும் ஆர்என்ஏ உடையும். சிடி நன்றாக இருக்கிறது, ஜீனோம் மட்டும் ஓட்டை ஓட்டையாக வருகிறது என்றால் சந்தேகப்பட வேண்டிய முதல் இடம் இது. சிடி சோதனை நூறு எழுத்துச் சொச்சம் உள்ள ஒரு குட்டித் துண்டைத்தான் தேடுகிறது. உடைந்த ஆர்என்ஏவிலும் அந்தத் துண்டு கிடைத்துவிடும். நமக்கு வேண்டிய 400 எழுத்து நீளத் துண்டுகள் கிடைக்காது.

5. கொசு மாதிரி

கொசுவை இனம், பாலினம், பிடித்த இடம், பிடித்த தேதி வாரியாகப் பிரித்து, ஒரு குழாயில் 25 முதல் 50 வரை சேர்ப்பது வழக்கம். இனம் பார்ப்பதைக் குளிரூட்டிய தட்டின் மேல் செய்யுங்கள். அறை வெப்பத்தில் நுண்ணோக்கிக்கு அடியில் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தால் ஆர்என்ஏ போய்விடும்.

ரத்தம் குடித்து வயிறு சிவந்த கொசுவைத் தனியாக வையுங்கள். அதன் வயிற்றில் கிடைக்கும் வைரஸ், அது கடித்த மனிதனின் ரத்தத்தில் இருந்ததாக இருக்கலாம். அந்தக் கொசு நோயைப் பரப்பும் என்பதற்கு அது சாட்சி இல்லை. பரப்பும் இனம் எது என்பதுதான் கேள்வி என்றால் தலை, மார்பு, வயிறு என்று பிரித்துச் சோதிக்க வேண்டும், அல்லது உமிழ்நீரையே எடுக்க வேண்டும்.

இன்னொரு பொறி: ஃபிளேவிவைரஸ் குடும்பம் (டெங்கு, ஜிகா போன்றவை) முழுவதையும் பிடிக்கும் பொதுவான பிசிஆரைக் கொசுவில் போட்டால் பாசிட்டிவ் மழையாகக் கொட்டும். கொசுவுக்கு மட்டுமே வரும் ஃபிளேவிவைரஸ்கள் உண்டு. போதாக்குறைக்கு, ஏடிஸ் கொசுவின் சொந்த டிஎன்ஏவிலேயே பழைய ஃபிளேவிவைரஸ் துண்டுகள் ஒட்டிக்கிடக்கின்றன. அதனால் குறிப்பிட்ட வைரஸுக்கான பிசிஆரில் உறுதி செய்யாமல் சீக்வென்சிங்குக்கு அனுப்ப வேண்டாம்.

6. எந்த மாதிரிகளைத் தேர்ந்தெடுப்பது

சிடி 30-க்குள் இருந்தால் முழு ஜீனோம் பெரும்பாலும் கிடைக்கும். 33-ஐத் தாண்டினால் பணமும் நேரமும் வீண் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு கூடத்தின் சிடியை இன்னொரு கூடத்தின் சிடியோடு ஒப்பிடாதீர்கள். கிட் மாறினால் எண்ணும் மாறும். எல்லாவற்றையும் உங்கள் கூடத்தில் ஒரே முறையில் மறுபடி அளந்துவிட்டுத் தேர்ந்தெடுங்கள். டெங்கு என்றால் இதே சமயம் செரோடைப்பையும் (வைரஸின் வகையையும்) பார்த்துவிடுங்கள்; நான்கில் எது என்று தெரிந்தால்தான் பிரைமரை (பிசிஆரைத் தொடங்கிவைக்கும் குட்டி டிஎன்ஏ துண்டை) தேர்வு செய்ய முடியும்.

சிடியை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் ஒரே ஆஸ்பத்திரி, ஒரே வாரம் என்று குவிந்துவிடும். பரவல் உச்சத்தில் இருக்கும் வாரங்களில் மாதிரி ஏராளம். ஆரம்பத்திலும் முடிவிலும் அரிது. ஆனால் நுழைவுகளை எண்ணுவதற்கு ஆரம்ப மாதிரிகள்தான் தங்கம். ஒவ்வொரு வாரத்துக்கும் ஒவ்வொரு பகுதிக்கும் இத்தனை என்று ஒதுக்கீடு போட்டு, அதற்குள் நல்ல சிடி உள்ளதை எடுங்கள். பருவமில்லாத மாதங்களில் கிடைக்கும் ஒற்றை ஒற்றை மாதிரிகளைச் சிடி கொஞ்சம் மோசமானாலும் விடாதீர்கள். போன பருவத்துக்கும் இந்தப் பருவத்துக்கும் நடுவே பாலமாக நிற்பவை அவைதான்.

7. ஆர்என்ஏவிலிருந்து ஆம்ப்ளிகான் வரை

ரத்தத்தில் வைரஸ் ஆர்என்ஏவைவிட மனித ஆர்என்ஏ பலமடங்கு அதிகம். அதனால் நேரடியாக சீக்வென்ஸ் செய்யாமல், ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் 400 எழுத்துத் துண்டுகளாக (இவைதான் ஆம்ப்ளிகான்) வைரஸ் ஜீனோமை மட்டும் பிசிஆரில் பெருக்குகிறோம். 2017-இல் ஜிகாவுக்காக வெளியான இந்த முறைதான் பிறகு கொரோனாவுக்கும் உலகம் முழுக்கப் பயன்பட்டது. 11,000 எழுத்துக்கு சுமார் 35 ஜோடி பிரைமர்கள் தேவை.

பிரைமர்களை ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று இரண்டு குழாய்களாகப் பிரிக்க வேண்டும். பக்கத்துப் பக்கத்துத் துண்டுகளின் பிரைமர்கள் ஒரே குழாயில் இருந்தால், இரண்டும் ஏறி நிற்கும் அந்தக் குட்டிப் பகுதி மட்டும் வேகமாகப் பெருகி மற்றதையெல்லாம் விழுங்கிவிடும். நேரம் மிச்சம் என்று இரண்டையும் கலப்பவர்கள் உண்டு. கலந்தால் மிஞ்சுவது குப்பைதான்.

டெங்குவின் நான்கு செரோடைப்புகளும் ஒன்றுக்கொன்று வெகுதூரம். ஒன்றுக்கான பிரைமர் இன்னொன்றைப் பிடிக்காது. பழைய பிரைமர் பட்டியலை வாங்கிவைத்திருந்தால், அண்மைய ஜீனோம்களோடு ஒப்பிட்டு எங்கே பொருந்தவில்லை என்று கணினியில் பார்த்துவிட்டு ஆர்டர் கொடுங்கள்.

ஒவ்வொரு தட்டிலும் குறைந்தது ஒரு வெற்று மாதிரி இருக்க வேண்டும். பிசிஆரின்போது சேர்க்கும் தண்ணீர் மட்டும் போதாது. ஆர்என்ஏ பிரித்தெடுக்கும் கட்டத்திலிருந்தே ஒரு குழாய் கூடவே வரவேண்டும். கலப்படம் எந்தக் கட்டத்தில் நடந்தது என்று அப்போதுதான் தெரியும்.

அப்புறம், சோதனை வேலை செய்கிறதா என்று பார்க்கப் போடும் பாசிட்டிவ் கட்டுப்பாட்டுக்கு எந்த வைரஸைப் பயன்படுத்துகிறீர்கள் என்று எழுதி வையுங்கள். பல கூடங்களில் டெங்கு 2-க்கு 1944-இல் பிரிக்கப்பட்ட நியூகினி சி, டெங்கு 3-க்கு 1956-இன் எச்87 போன்ற பழைய ஆய்வுக்கூட வைரஸ்கள்தான் இருக்கும். இது பன்னிரண்டாம் படியில் கைகொடுக்கும்.

8. நூலகம், ஓட்டம்

துண்டுகளைச் சீக்வென்சருக்குத் தயார்செய்வதுதான் நூலகம். இதில் கிட்டின் கையேடு சொல்வதைச் செய்தால் போதும். இரண்டே எச்சரிக்கைகள். பார்கோடு (எந்த மாதிரி என்று காட்ட ஒட்டும் சிறு டிஎன்ஏ துண்டு) பிரிக்கும்போது, நானோபோரில் துண்டின் இரண்டு முனையிலும் பார்கோடு இருந்தால் மட்டும் ஏற்றுக்கொள் என்று அமைப்பை வையுங்கள். ஒரு முனை போதும் என்றால் அடுத்த நோயாளியின் ரீட்கள் (கருவி படித்த துண்டுகள்) உள்ளே வரும். வெற்று மாதிரியில் டிஎன்ஏ இல்லையே என்று அதை விட்டுவிடாமல், மற்றவற்றுக்குப் போடும் அளவை அதற்கும் போட்டு ஓட்டுங்கள்.

9. ரீட்களிலிருந்து ஜீனோம்

வரிசை இதுதான்: தரம் பார்த்து வடிகட்டுவது, ஒப்பீட்டு ஜீனோமின் மேல் பொருத்துவது, பிரைமர் பகுதிகளை வெட்டுவது, ஒவ்வொரு இடத்திலும் பெரும்பான்மை எழுத்தை எடுப்பது. மினிமேப்2 அல்லது பிடபிள்யூஏ பொருத்தும். ஐவார் அல்லது ஆர்டிக் தொகுப்பு மீதியைச் செய்யும்.

பிரைமரை வெட்டாமல் விடக் கூடாது. துண்டின் இரண்டு முனையிலும் இருப்பது நாம் ஊற்றிய பிரைமரின் எழுத்து, நோயாளியின் வைரஸுடையது அல்ல. அங்கே உண்மையில் பிறழ்வு இருந்தாலும் பிரைமர் அதை மூடிவிடும். வெட்டியபின் அந்த இடத்தைப் பக்கத்துத் துண்டு நிரப்பும். துண்டுகள் ஏறி நிற்பது அதற்காகவும்தான்.

ஒப்பீட்டு ஜீனோம் அதே செரோடைப், முடிந்தால் அதே ஜீனோடைப் (செரோடைப்பின் உட்பிரிவு) ஆக இருக்கட்டும். தூரத்து ஜீனோமை வைத்தால், வித்தியாசம் அதிகமான ரீட்கள் பொருந்தாமல் கீழே விழும். பிறழ்வுகள் குறைவாகத் தெரியும்.

போதிய ரீட் இல்லாத இடத்தில், தெரியவில்லை என்பதற்கான என் (N) என்ற எழுத்தைப் போடுங்கள். நானோபோருக்கு 20 ரீட், இல்லுமினாவுக்கு 10 என்பது பரவலான குறைந்தபட்சம். அந்த இடத்தில் ஒப்பீட்டு ஜீனோமின் எழுத்தை இட்டு நிரப்பும் மென்பொருள் அமைப்பு எங்கேயாவது இருந்தால் முதலில் அதை அணையுங்கள். நூறு என் உள்ள ஜீனோமால் யாருக்கும் நஷ்டமில்லை. நூறு பொய் எழுத்து உள்ள ஜீனோம், சம்பந்தமே இல்லாத மாதிரிகளை மரத்தில் ஒரே கிளையில் உட்காரவைக்கும். ஒரே தட்டில் ஒரே துண்டு விழுந்துபோன எல்லா மாதிரிகளும் "புதிய குழு" ஆகிவிடும்.

10. மரம் போடுவதற்கு முன் சோதனை

ஆழ வரைபடத்தை (ஒவ்வோர் இடத்திலும் எத்தனை ரீட் என்று காட்டுவது) கண்ணால் பாருங்கள். 35 துண்டுகளில் ஒன்று எல்லா மாதிரியிலும் பூஜ்யத்துக்கு இறங்கினால் பிரைமர் பொருந்தவில்லை. அந்த ஜோடியை மாற்றுங்கள், அல்லது அளவைக் கூட்டுங்கள். ஒரு மாதிரியில் மட்டும் அங்கங்கே இறங்கினால் ஆர்என்ஏ மோசம்.

அடுத்து, எழுத்துகளைப் புரதமாக மொழிபெயர்த்துப் பாருங்கள். ஃபிளேவிவைரஸுக்கு இது அருமையான சோதனை. டெங்கு தன் புரதங்கள் அனைத்தையும் ஒரே நீளச் சங்கிலியாக, ஏறக்குறைய 3,390 அமினோ அமிலங்களாகத்தான் செய்கிறது. பிறகுதான் அது துண்டாகிறது. நடுவில் ஒரே ஒரு எழுத்து தொலைந்தாலும் சட்டகம் (மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கும் வரிசை) நகர்ந்து, கொஞ்ச தூரத்திலேயே நிறுத்தக் குறியீடு வந்துவிடும். அப்படி ஒரு வைரஸ் பிழைத்திருக்கவே முடியாது. ஆக அது சீக்வென்சிங் பிழை. நானோபோரில் பெரும்பாலும் ஒரே எழுத்து தொடர்ந்து வரும் இடத்தில் இது நடக்கும்: ஆறு ஏ இருக்கும் இடத்தில் ஐந்து என்று படித்திருக்கும். ரீட்களைத் திறந்து பார்த்துத் திருத்துங்கள், அல்லது அந்த இடத்தில் என் போடுங்கள்.

சிக்குன்குனியாவில் மட்டும் கவனம். அதற்கு இரண்டு சட்டகங்கள். முதல் சட்டகத்தில், என்எஸ்பி3 என்ற புரதம் முடியும் இடத்துக்கு அருகே ஒரு நிறுத்தக் குறியீடு பல வைரஸ்களில் இயல்பாகவே உண்டு. பிழை என்று நினைத்து அதைத் திருத்திவிடாதீர்கள்.

கடைசியாக, ஒரே இடத்தில் இரண்டு எழுத்துகள் பாதிக்குப் பாதி வரும் இடங்களை எண்ணுங்கள். ஓரிரண்டு சகஜம். ஜீனோம் முழுக்க டஜன் கணக்கில் இருந்தால், நோயாளிக்கு இரண்டு வைரஸ் தொற்று இருக்கலாம்; பக்கத்துக் குழாய் கலந்திருக்கவும் கூடும். ஆர்என்ஏவை மறுபடி பிரித்தெடுத்துச் செய்து பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். அதுவரை அந்த மாதிரி மரத்துக்குள் வரக் கூடாது.

11. பின்னணி ஜீனோம்கள்

உங்கள் மாதிரிகளை மட்டும் வைத்து மரம் போட்டால் எல்லாமே ஒரே குடும்பமாகத்தான் தெரியும். பக்கத்து ஊர், பக்கத்து நாடு, முந்தைய ஆண்டுகள் எல்லாம் கூட இருந்தால்தான் "இது நம்முடையதா, வந்ததா" என்று பார்க்க முடியும். ஜென்பேங்க், ஜிசைடின் எபிஆர்போ ஆகிய தரவுத்தளங்களிலிருந்து எடுக்கலாம். முதலில் ஜீனோமை வகைப்படுத்தும் நெக்ஸ்ட்கிளேட் கருவியில் போட்டு ஜீனோடைப்பையும் கிளைவழியையும் பார்த்துவிட்டால், எந்தப் பின்னணி தேவை என்று தெரியும்.

கிடைத்ததையெல்லாம் அள்ளிப் போட வேண்டாம். சில நாடுகளிலிருந்து ஆயிரக்கணக்கில் இருக்கும், சிலவற்றிலிருந்து கைவிரல் எண்ணிக்கைதான். உங்கள் ஒவ்வொரு ஜீனோமுக்கும் மிக நெருங்கியவற்றைத் தேடி எடுத்து, அதோடு நாடு, ஆண்டு வாரியாக அளவாகச் சேருங்கள். தேதியோ இடமோ இல்லாததை விட்டுவிடுங்கள். டெங்கு செரோடைப் நான்கையும் ஒரே மரத்தில் போடாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் தனி மரம்.

12. மரமும் கடிகாரமும்

மாஃப்டில் வரிசைப்படுத்தி, ஐக்யூ-ட்ரீயில் மரம் போடுங்கள். இரண்டு முனைகளிலும் மொழிபெயர்ப்பாகாத பகுதிகளை நீக்கிவிடுவது நல்லது. அங்கே ரீட்களும் குறைவு, வரிசைப்படுத்தலும் தள்ளாடும்.

உடனே தேதி மரத்துக்கு (கிளைகள் எப்போது பிரிந்தன என்று காட்டும் மரம்) தாவ வேண்டாம். டெம்ப்எஸ்டில் ஒரு படம் போடுங்கள்: கீழே மாதிரி எடுத்த தேதி, பக்கவாட்டில் வேரிலிருந்து தூரம். புள்ளிகள் ஏறுமுகமாக ஒரு கோட்டை ஒட்டி வரவேண்டும். கோட்டுக்கு மேலே தனியாக நிற்கும் புள்ளியில் பிறழ்வு அளவுக்கு மீறி இருக்கிறது, அதாவது பெரும்பாலும் சீக்வென்சிங் பிழை. கோட்டுக்குக் கீழே வெகுதூரம் தொங்கும் புள்ளி இன்னும் சுவாரசியம். 2023-இல் எடுத்ததாகச் சொல்லும் வைரஸ் 1944-இன் வைரஸ் அளவுக்குத்தான் மாறியிருக்கிறது என்றால், அது நோயாளியுடையது அல்ல. உங்கள் பாசிட்டிவ் கட்டுப்பாடு குழாய் மாறி உள்ளே வந்திருக்கிறது. ஏழாம் படியில் பெயரை எழுதி வைக்கச் சொன்னது இதற்காகத்தான். தடுப்பூசி வைரஸும் மாறிப்போன தேதியும் இதே மாதிரி கோட்டைவிட்டு விலகும்.

புள்ளிகள் கோட்டில் வராமல் சிதறிக் கிடந்தால், தேதி மரம் போடாதீர்கள். மென்பொருள் மறுக்காது, அழகான மரத்தைக் கொடுக்கும்; ஆனால் அந்தத் தேதிகள் நீங்கள் முன்கூட்டியே கொடுத்த ஊகத்தின் எதிரொலிதான். ஒரே மாதத்து மாதிரிகள் மட்டும் இருந்தால் பெரும்பாலும் இதுதான் கதி. பின்னணியில் பழைய ஆண்டுகளைச் சேர்த்தால் சரியாகும்.

கோடு நன்றாக வந்தால், விரைவான பார்வைக்கு ட்ரீடைம்; நிச்சயமின்மையை முறையாக அளந்து வெளியிட பீஸ்ட்.

மரத்தைப் படிப்பதற்கு ஒரு கற்பனை உதாரணம். ஒரே வாரத்தில் எடுத்த இரண்டு டெங்கு ஜீனோம்களுக்கு நடுவே 16 பிறழ்வு வித்தியாசம். ஒவ்வொரு பக்கமும் சராசரி எட்டு. ஆண்டுக்கு எட்டு என்ற வேகத்தில், இருவரின் பொது மூதாதை ஏறக்குறைய ஓராண்டுக்கு முன்பு. ஆனால் உங்கள் ஊரில் பரவல் தொடங்கி இரண்டு மாதம்தான் ஆகிறது. அப்படியானால் இரண்டில் ஒன்று: வைரஸ் இரண்டு முறை தனித்தனியாக வந்திருக்கிறது, அல்லது ஓராண்டாக யார் கண்ணிலும் படாமல் இங்கேயே சுற்றியிருக்கிறது. எது என்று சொல்வது பின்னணி ஜீனோம்கள். இருவருக்கும் நடுவில் வேறு ஊர் ஜீனோம்கள் வந்து உட்கார்ந்தால் இரண்டு நுழைவு என்பது வலுக்கும்.

பூட்ஸ்ட்ராப் எண்ணை (ஒரு கிளை எவ்வளவு உறுதி என்று நூறுக்குச் சொல்வது) பார்த்துப் பதறுபவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரே ஒரு பிறழ்வு தாங்கும் கிளைக்கு, அந்தப் பிறழ்வு எவ்வளவு நிஜமானாலும், சாதாரண பூட்ஸ்ட்ராப் சுமார் 63-தான் கொடுக்கும். புதிய பரவலில் கிளைகளெல்லாம் ஒரு பிறழ்வு, இரண்டு பிறழ்வுதான். அங்கே எண்ணைவிட, அந்தப் பிறழ்வு ரீட்களில் தெளிவாக இருக்கிறதா என்று பார்ப்பதே மேல்.

13. இடத்தைக் கணிப்பது

கிளைகளின் மேல் ஊர்ப் பெயரை ஏற்றி "இங்கிருந்து அங்கே" என்று அம்பு போடும் முறைகள் பார்க்கப் பிரமாதம். ஆனால் எளிய முறைகளில், அதிக மாதிரி எடுத்த ஊர்தான் மூல ஊர் என்று வரும். விளக்கு இருக்கும் இடத்தில் மட்டும் தேடிவிட்டு அங்கேதான் தொலைந்தது என்பது போல.

இதைத் தணிக்க, ஒவ்வோர் ஊரிலிருந்தும் ஏறக்குறைய சம எண்ணிக்கையில் மாதிரிகளைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல எடுத்து, பலமுறை ஓட்டுங்கள். அம்பு ஒவ்வொரு முறையும் ஒரே திசையில் வந்தால் நம்பலாம். மாறி மாறி வந்தால், திசை தெரியவில்லை என்று எழுதுங்கள். ஓர் ஊரிலிருந்து ஜீனோமே இல்லாவிட்டால், அந்த ஊர் மூலமாக இருக்கும் வாய்ப்பை எந்த மென்பொருளும் உங்களுக்குச் சொல்லாது. காய்ச்சல் எண்ணிக்கையையும் பயணத் தரவையும் பக்கத்தில் வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

மனிதன் அல்லாத மாதிரிகள் இங்கே கதையையே மாற்றலாம். பிரேசிலில் 2016-இல் தொடங்கிய மஞ்சள் காய்ச்சல் பரவலில், நகரத்தில் ஏடிஸ் வழியே மனிதனுக்கு மனிதன் பரவுகிறதா என்ற பயம் இருந்தது. குரங்குகளின் வைரஸையும் மனிதர்களின் வைரஸையும் சேர்த்து மரம் போட்டபோது, அது காட்டுக்குள் குரங்குகளிடையே சுற்றி அங்கிருந்து மனிதர்களுக்குத் தாவுவது தெரிந்தது. குரங்கு மாதிரி இல்லாமல் அந்தப் பதில் கிடைத்திருக்காது.

14. பிறழ்வுகளைப் பற்றிப் பேசும்போது

புதிய பிறழ்வைக் கண்டதும் "வீரியம் கூடிய வைரஸ்" என்று எழுதத் தோன்றும். அடக்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலான பிறழ்வுகள் ஒன்றும் செய்வதில்லை. சிக்குன்குனியாவில் ஈ1 புரதத்தின் 226-ஆம் இடத்தில் அலனின் போய் வாலின் வந்த மாற்றம் விதிவிலக்கு. 2005–06-இல் ரீயூனியன் தீவில் பரவியபோது கவனத்துக்கு வந்தது. அந்த மாற்றம் வைரஸை ஏடிஸ் அல்போபிக்டஸ் கொசுவில் நன்றாகப் பெருகவைக்கிறது. ஆனால் அதை உறுதி செய்தது மரம் அல்ல. கொசுக்களுக்கு இரண்டு வகை வைரஸையும் கொடுத்துப் பார்த்த ஆய்வுக்கூடச் சோதனை. ஏற்கெனவே நிரூபிக்கப்பட்ட பிறழ்வு உங்கள் மாதிரியில் இருந்தால் சொல்லுங்கள். மற்றவற்றைப் பட்டியலில் போட்டுவிட்டு நகருங்கள்.

15. அறிக்கையும் பகிர்வும்

சுகாதாரத் துறைக்கு மரத்தை அப்படியே அனுப்பாதீர்கள். ஒரு பக்கம் போதும்: என்ன கேட்டோம், எத்தனை மாதிரி, என்ன தெரிகிறது, எவ்வளவு உறுதி, அதனால் என்ன செய்யலாம். "டெங்கு 3 குறைந்தது இரண்டு முறை நுழைந்திருக்கிறது; முதல் நுழைவு மார்ச்சுக்கும் மே மாதத்துக்கும் நடுவில்" என்பது நல்ல வாக்கியம். "குறைந்தது" என்ற சொல் கட்டாயம் வேண்டும், ஏனென்றால் மாதிரி எடுக்காத நுழைவுகள் மரத்தில் வராது. ஒற்றைத் தேதி தராமல் இடைவெளியாகத் தாருங்கள்.

பல ஆண்டுகளாக ஊரில் இல்லாத செரோடைப் வந்திருந்தால் அதை முதல் வரியிலேயே போடுங்கள். வேறு செரோடைப்பால் இரண்டாம் முறை தொற்று வரும்போது கடுமையான டெங்குவுக்கு வாய்ப்பு அதிகம். ஆஸ்பத்திரிகள் அதற்குத் தயாராக வேண்டும். இந்த ஒரு செய்திக்கு மரம் முடியும்வரை காத்திருக்க வேண்டாம், நெக்ஸ்ட்கிளேட் முடிவு வந்த அன்றே சொல்லிவிடலாம்.

ஜீனோம்களைப் பொதுத் தளத்தில் ஏற்றும்போது தேதியை முழுமையாகவும் இடத்தை மாவட்ட அளவிலும் கொடுங்கள். ஒரு சிற்றூரில் ஒரே நோயாளி என்றால் ஊரின் பெயரே ஆளைக் காட்டிக்கொடுக்கும். அங்கே இன்னும் பெரிய பகுதியாக்குங்கள். மூல ரீட்களை ஏற்றுவதற்கு முன் மனித ரீட்களை நீக்குவது கட்டாயம். ரத்த மாதிரியில் நோயாளியின் சொந்த ஜீனோமும் இருக்கிறது, அதைக் கொடுக்க அவர் ஒப்பவில்லை.

ஏற்றி முடித்ததும் இன்னொரு வேலை. உங்கள் புதிய ஜீனோம்களை, ஆஸ்பத்திரிகள் பயன்படுத்தும் பிசிஆர் கிட்டின் பிரைமர் வரிசையோடு ஒருமுறை ஒப்பிடுங்கள். பிரைமரின் 3' முனைக்கு (அது நீளத் தொடங்கும் முனைக்கு) அருகே பிறழ்வு விழுந்திருந்தால், அந்தக் கிளையின் நோயாளிகள் நெகட்டிவ் என்று வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருக்கலாம். அவர்களின் மாதிரி உங்கள் ஃப்ரீசருக்கு வரவே வராது. அப்படி ஏதாவது தெரிந்தால், அறிக்கைக்காகக் காத்திருக்காமல் அந்த ஆய்வுக்கூடத்துக்கு அன்றே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.